அடுத்துக் கழுவும் நாள்

மீன் செத்துப்போனது. ஒன்று இரண்டு இல்லை, மொத்தமும். அதுவும் இரண்டு தடவை. அதுதான் நடந்தது. மற்றதெல்லாம் பிறகு ஆளாளுக்குச் சேர்த்துச் சொன்னது.

உட்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்க. வாசலில் வந்து நின்று யாரையோ கேட்டீங்க. அது இருக்கட்டும். தொட்டியைத்தானே பார்க்கணும்? தொட்டி என்னுடையது. என்னிடமே கேளுங்க.

அதோ, கீழே இருக்கிறது கறுப்புத் தொட்டி. அதில் மீன். மேலே நீல டிரம்மை நெடுக்காக அறுத்துப் படுக்கப் போட்டிருக்கு. அதில் ஜல்லி. ஜல்லியில் செடி. மண் கிடையாது. மோட்டார் மீன் தண்ணியை மேலே ஏற்றும், அது ஜல்லி வழியாக இறங்கித் திரும்ப மீனுக்கே வரும். அவ்வளவுதான். இதற்கு அக்வாபோனிக்ஸ் என்று பெயராம். என் மகன் வைத்த பெயர் இல்லை, ஆனால் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உங்க வீட்டுக் கொல்லையில் போடணும் என்று ஆசை. போடுங்க. போடுவதற்கு முந்தி இதைக் கேட்டுக்கிடுங்க. நடுவில் பேசாதீங்க.

நான் நகராட்சியில் தண்ணித் தொட்டி ஆபரேட்டர். ரிட்டயர்டு. தொட்டி பரமசிவம் என்றால் இந்த ஊரில் பழைய ஆட்களுக்குத் தெரியும். இது கரிசல் ஊர். தண்ணியே ஒருநாள் விட்டு ஒருநாள். வருகிற தண்ணி சுத்தமாக வரணுமா வேண்டாமா? என் தொட்டித் தண்ணியைக் குடித்து ஒருத்தருக்கும் பேதி வந்ததில்லை. ஏறுவேன், கழுவுவேன், பிளீச்சிங் போடுவேன். இறங்கி வந்து தொட்டித் தூணில் வெள்ளைப் பெயிண்டில் எழுதுவேன். கழுவிய நாள் இது. அடுத்துக் கழுவும் நாள் இது. தெருவில் போகிறவன் எவனும் படிக்கலாம். என் தேதி தவறினதில்லை. என் சம்சாரம் செத்த அன்றைக்கு மட்டும் வேறொருத்தன் கழுவினான். சரியாகக் கழுவவில்லை.

பிளீச்சிங் பவுடரை அள்ளி அள்ளி மூக்கு போய்விட்டது. குழம்பு தீய்ந்தாலும் தெரியாது, பூ வைத்தாலும் தெரியாது. அதை ஒரு குறையாக நான் நினைத்ததில்லை. இப்போது எதற்குச் சொல்லுகிறேன் என்றால், பிறகு வரும்.

ரிட்டயர் ஆகி வெகுகாலம் கழித்து எங்கள் தெருத் தொட்டியில் தேதி தாண்டிப்போனது. அடுத்துக் கழுவும் நாள் என்று எழுதியிருக்கு, அந்த நாள் போய் மாசக்கணக்காகிறது, எழுத்தே வெயிலில் உரிந்து தொங்குகிறது. ஒருத்தருக்கும் கவலை இல்லை. நான் ஏறினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிளீச்சிங் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. பாதி ஏணியில் முழங்கால் பிடித்துக்கொண்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. கம்பியைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன். கீழே கூட்டம். ஒவ்வொருத்தன் கையிலும் போன். தீயணைப்பு வண்டி வந்துதான் இறக்கினார்கள். நான் தரையில் கால் வைக்கிறதற்கு முந்தி வீடியோ மஸ்கட் போய்ச் சேர்ந்துவிட்டது.

மஸ்கட்டில் என் மகன். ஒரே மகன். கோமதிநாயகம். ஏசி கம்பெனியில் சூப்பர்வைசர். வீடியோவைப் பார்த்தவன் முதல் காரியமாக வாசல் கேட்டுக்குப் பூட்டுப் போடச் சொன்னான். சாவி மருமகள் இடுப்பில். இரண்டாவது காரியம், ஆள் அனுப்பி இரண்டு கேமரா மாட்டினான். வாசலில் ஒன்று, கொல்லையில் ஒன்று. கேமராவுக்கு வாய் இருக்கு, தெரியுமா உங்களுக்கு? எனக்குத் தெரியாது. கொல்லையில் பல் விளக்கிக்கொண்டு நிற்கிறேன், சுவரில் இருந்து சத்தம் வருது.

"அப்பா, செருப்பப் போட்டுக்கிடுங்க. வழுக்கும்."

பெத்த மகன் சுவரில் இருந்து பேசுகிறான். வெயிலில் நிற்காதீங்க. ஏணியைத் தொடாதீங்க. ஏன் அங்கேயே பார்த்துக்கிட்டு நிக்கீங்க. அவனுக்கு அங்கே வேலை இருக்குமா இருக்காதா என்றே எனக்குச் சந்தேகம்.

ஆக வீட்டில் நானும் மருமகளும். "ஏ பிள்ள" என்பேன், "என்ன மாமா" என்று வந்து நிற்பாள். காபி, சாப்பாடு, மாத்திரை. வேறு பேச்சு கிடையாது. நான் கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அவள் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு மஸ்கட் போக விசாவுக்கு எல்லாம் தயார். என்னைத் தனியாக விட முடியாதே, அதனால் போகவில்லை. கலியாணம் ஆனதில் இருந்து புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து இருந்த நாளைக் கூட்டினால் ஒரு பரீட்சை லீவு தேறும் என்று பக்கத்து வீட்டு ஜெபமணியம்மா சொல்லும். எனக்கு அதெல்லாம் தெரியாது. பூட்டிக் கிடந்தவன் நான். என் கஷ்டம் எனக்கு.

நான் சரியாகச் சாப்பிடவில்லை, யாரிடமும் பேசவில்லை என்று அவள் போனில் சொல்லியிருக்கிறாள். நாயகத்துக்கு யோசனை வந்துவிட்டது. மஸ்கட்டில் எவனோ மாடியில் இந்த ஏற்பாட்டைப் பார்த்தானாம். அப்பாவுக்குத் தொட்டி என்றால்தானே பிடிக்கும், இந்தா தொட்டி. குட்டியானை வண்டியில் எல்லாம் வந்து இறங்கியது. தொட்டி, டிரம், குழாய், மோட்டார், முக்கால் இஞ்சு ஜல்லி. ஊர்த் தொட்டியைப் பிடுங்கிக்கொண்டு விளையாட்டுத் தொட்டி. எனக்குக் கோபம். ஆனால் ஜல்லியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரே தூசி. கழுவினேன். கழுவ ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியாது.

முதல் தடவை எப்படிச் செய்தேன் என்று கேளுங்க. ஜல்லியைத் தண்ணி தெளிகிற வரைக்கும் அலசினேன். குழாய் எல்லாம் மட்டம் பார்த்து மாட்டினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. தண்ணி நிரப்பி, பிளீச்சிங் போட்டு, ஆறவிட்டேன். மருமகள் போனை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"மாமா, இதுல ஒரு தம்பி செஞ்சு காட்டுதான். பாக்கீங்களா?"

"அவன் எத்தன தொட்டி கழுவியிருக்கான்?"

போனை மடக்கிக்கொண்டு போய்விட்டாள். ஜிலேபிக் கெண்டைக் குஞ்சு வாங்கி விட்டேன். பாலிதீன் பையில் காற்றடைத்துக் கொடுத்தார்கள். சுண்டுவிரல் பெருசு. நன்றாகத்தான் ஓடியது. தக்காளியும் கத்தரியும் நட்டேன். கறுப்புத் தொட்டியின் மேல் வெள்ளைப் பெயிண்டில் எழுதினேன். கழுவிய நாள். அடுத்துக் கழுவும் நாள்.

அந்த நாளும் வந்தது. தண்ணி பார்க்கச் சகிக்கவில்லை. பச்சையாக, அடியில் கசடு, ஜல்லியில் கொழகொழ என்று ஒரு பாசி. மீன் போட்ட அசிங்கம். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? தண்ணியை இறைத்தேன். ஜல்லியை அள்ளித் தேய்த்துக் கழுவினேன். புதுத் தண்ணி, பிளீச்சிங். பளிங்கு மாதிரி இருந்தது. தேதி எழுதினேன். அடுத்த நாளில் இருந்து மீன் மல்லாக்க மிதக்க ஆரம்பித்தது. வாரம் முடிகிறதற்குள் ஒன்று மிச்சமில்லை. செடியும் மஞ்சளாகிச் சுருண்டது.

கழுவின பிறகுதானே செத்தது என்று கேட்பீங்க. எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். கழுவாமல் விட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் செத்திருக்கும். குஞ்சு கொடுத்தவன் நோஞ்சானாகப் பார்த்துக் கொடுத்துவிட்டான் என்பதுதான் அப்போது என் முடிவு.

இரண்டாம் தடவை வேறு இடத்தில் வாங்கினேன். இந்தத் தடவை விடக் கூடாது என்று வாராவாரம் கழுவினேன். பிளீச்சிங்கும் ஒரு கை கூட. அவள் சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வந்தாள்.

"மாமா, ஜல்லியக் கழுவவே கூடாதாம். மீன் அழுக்கு அதுல ஒட்டிக்கிடக்கணுமாம். கண்ணுக்குத் தெரியாத பூச்சி அதுல இருக்காம், அதுதான் அழுக்கச் செடிக்கு உரமா மாத்துதாம். பிளீச்சிங் போட்டா அந்தப் பூச்சியும் செத்துரும், மீனும் செத்துருமாம்."

"பூச்சியக் கொல்லத்தான பிளீச்சிங்கே."

"அதத்தான் நானும் சொல்லுதேன் மாமா."

"தொட்டி வேலை பார்த்தது நீயா நானா?"

அதோடு வாயை மூடிக்கொண்டாள். ரொம்ப நாள் மூடிக்கொண்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மீன் இந்தத் தடவை இன்னும் சீக்கிரம் போனது. செத்ததை எல்லாம் வாளியில் அள்ளி முருங்கை மரத்து மூட்டில் புதைத்தேன். மதில் மேல் ஜெபமணியம்மா தலை.

"என்ன அண்ணாச்சி, இன்னிக்கும் கருமாதியா?"

"உங்க வீட்டுப் பூனைக்கிட்ட சொல்லி வைங்க, இந்தப் பக்கம் வராம."

"பூனை உங்க மீனத் தின்னா பூனைல்லா சாகும்."

அன்றைக்குச் சுவர் பேசியது. கோபமாக இல்லை. அவன் கோபப்பட்டிருந்தால் நான் திருப்பிப் பேசியிருப்பேன். மெதுவாகப் பேசினான்.

"அப்பா, கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு ஹோம் பாத்திருக்கேன். வயசானவங்களுக்குன்னே கட்டினது. மலை தெரியும். வேளாவேளைக்குச் சாப்பாடு. டாக்டர் உள்ளயே இருக்காரு. வீல்சேர் போக தனி வழி போட்டிருக்கான்."

"எனக்குக் கால் இருக்கு."

"ஏணியில பாத்தோமேப்பா. தை மாசம் லீவுல வாரேன். அதுவரைக்கும் இந்தத் தொட்டிய உசிரோட வச்சிருந்தீங்கன்னா நான் வாயே தொறக்கல. நீங்க இங்கயே இருங்க, அவளும் இருக்கட்டும். அடுத்த தடவையும் போச்சுன்னா ரெண்டு பேரும் கிளம்புங்க. நீங்க அங்க. அவ என்கூட. எனக்கும் முடியலப்பா."

திரும்பிப் பார்த்தேன். அவள் பின்னால் காபி டம்ளரோடு நிற்கிறாள். முழுக்கக் கேட்டிருக்கிறாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளுக்குள் சந்தோஷம் என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பேன்? மீன் செத்தால் அவளுக்கு விமானம். எனக்கு மலை தெரிகிற ஜன்னல். அந்த ஜன்னலுக்கும் கம்பி இருக்கும்.

ஐப்பசி மழைக்கு முந்தி மூன்றாம் தடவை குஞ்சு வந்தது. நான் தொட்டிப் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுக்கொண்டேன். மீனைப் பார்க்க இல்லை, அவளைப் பார்க்க. இவள் ஏதாவது பண்ணிவிடுவாள். சோப்புத் தண்ணியை ஊற்றலாம். மோட்டார் சுவிட்சை அணைக்கலாம். கேமரா இருக்கிறது, ஆனால் கேமரா நாயகத்தின் கண், என் கண் இல்லை. அவள் கொல்லைக்குத் துணி காயப்போட வந்தாலும் நான் எழுந்து உட்காருவேன்.

"தூங்குங்க மாமா. நான் துணிதான் போடுதேன்."

"போடு. நான் ஒன்னும் சொல்லலியே."

மீனுக்குத் தீனி கூட அவளை வைக்க விடவில்லை. பிளீச்சிங் டப்பா ஸ்டோர் ரூமில் இருக்கும். முன்பு பால்பவுடர் வந்த பெரிய டப்பா. அதில் இருந்து நானே எடுத்து, நானே தூவுவேன்.

மீன் சாகவில்லை, தம்பி. ஒரு வாரம், இரண்டு வாரம், கார்த்திகை பிறந்தது. சாகவில்லை. அளவு பிடிபட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்துபோனது. எத்தனை வருஷத்து அனுபவம். முன்பெல்லாம் பவுடரைத் தூவினால் மீன் பயந்து அடியில் போய் ஒதுங்கும். இப்போது தூவுகிற சத்தத்துக்கே மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு. மருந்துக்குப் பழகிவிட்டது. நாயகத்திடம் சொன்னேன், "பாத்தியா, பழக்குனா மீனும் பழகும்." அவன் அங்கே நாலு பேரிடம் சொன்னானாம்.

ஒரே ஒரு இடைஞ்சல். ஒவ்வொரு கழுவுகிற நாளும் இவளுக்கு ஏதாவது வந்துவிடும். ஒரு தடவை ரேஷன் கடையில் கைரேகை வைக்கணும், நீங்கதான் வரணும் என்று கேட்டைத் திறந்து கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நிற்க வைத்துவிட்டாள். ஒரு தடவை தலை சுற்றுகிறது என்று படுத்துக்கொண்டாள், சோறு பொங்குகிறது என் தலையில் விழுந்தது. ஒரு தடவை குழாயில் தண்ணி வரவில்லை என்றாள். வந்த சத்தத்தை நானே கேட்டேன். வரவில்லை என்றாள். பிறகு ஒரு நாள் நான் ரேஷன் கடையில் இருந்து வந்து வேட்டியை மடித்துக்கட்டுகிறேன், "நானே கழுவிட்டேன் மாமா, நீங்க தேதிய மட்டும் எழுதுங்க" என்கிறாள். பார்த்தேன். மேல் ஜல்லி நனைந்து பளபள என்று இருந்தது. சரி, பிள்ளைக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று தேதியை எழுதினேன். அதிலிருந்து கழுவுகிறது அவள், எழுதுகிறது நான்.

செடி என்ன வளர்த்தி என்கிறீங்க. தக்காளி காய்த்துக் கம்பு வளைந்தது. கீரையை வெட்ட வெட்ட வந்தது. அவரை ஒன்று போட்டேன், அது பந்தலில் ஏறி, சுவரில் ஏறி, கேமராவைச் சுற்றி மூடிவிட்டது. இலைக்குள் இருந்து நாயகம் கத்துகிறான்.

"அப்பா, ஒன்னுமே தெரியல. பச்சையாத் தெரியுது. அந்தக் கொடிய வெட்டி விடுங்க."

நான் அரிவாளை எடுத்தேன். மருமகள் சொன்னாள், "பூ விட்டிருக்கு மாமா. பூ விட்டத வெட்டக் கூடாது." அரிவாளை வைத்துவிட்டேன். அன்றைக்குத்தான் கொல்லையில் நான் செருப்பில்லாமல் நடந்தேன்.

ஆனால் உள்ளே ஒன்று இறுக்கிக்கொண்டே வந்தது. தை வந்துகொண்டிருக்கிறது. மீன் இருக்கு. இன்றைக்கு இருக்கு, நாளைக்கு? கரண்டு போனால் மோட்டார் நிற்கும், மோட்டார் நின்றால் மீன் மூச்சுக்கு மேலே வந்து வாயைப் பிளக்கும். கரண்டு போகும்போதெல்லாம் சட்டியில் தண்ணியை மொண்டு உயரத்தில் இருந்து ஊற்றுவேன், கை கழன்றுபோகும் வரைக்கும். அக்கா மகன் கலியாணத்துக்குப் போகவில்லை. கேட்டைத் திறந்து விடுகிறேன் போய்விட்டு வாங்க என்று அவளே சொன்னாள். போகவில்லை. எனக்குப் பூட்டு தேவையில்லாமல் போனது. தொட்டி ஒன்று போதும்.

மார்கழி. அவள் விடிய வாசலில் பெரிய கோலமாகப் போடுவாள். அரிசிமாவுக் கோலம். ஒரு நாள் காலையில் நான் பவுடர் எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனேன். டப்பாவைச் சுற்றி எறும்பு.

ஒரு வரிசை சுவர் ஓரமாக வருகிறது, ஏறுகிறது, மூடி இடுக்கில் உள்ளே போகிறது. இன்னொரு வரிசை இறங்குகிறது. ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளையாக ஒரு பொடி.

தம்பி, பிளீச்சிங் பவுடர் இருக்கிற இடத்தில் எறும்பு அண்டாது. கரப்பான் அண்டாது. என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. டப்பாவைத் திறந்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. மோந்து பார்த்தேன், என் மூக்கில் என்ன தெரியும். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன்.

அரிசி மாவு. நைசாக அரைத்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை நாளும் என்னைக் கோமாளியாக்கி மீனுக்குத் தீனி போட வைத்திருக்கிறாள். எழுந்து போய் நாலு வார்த்தை கேட்கணும் என்று கையை ஊன்றினேன். முழங்கால் எழும்பவில்லை. எழும்பாததால் யோசிக்க வேண்டியதாகிவிட்டது.

அவள் ஒன்றுமே செய்திருக்க வேண்டாம். அந்த டப்பாவை இருந்தபடி விட்டிருந்தால் போதும். நானே கொன்றிருப்பேன். தேதி போட்டுக் கொன்றிருப்பேன். நான் கோயமுத்தூர். அவள் மஸ்கட். அவள் கைப்பட ஒரு பாவமும் இல்லை.

அவள் உள்ளே வந்தாள். நான் டப்பாவை மடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். வேட்டியெல்லாம் மாவு. எறும்பு கையில் ஏறுகிறது. அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நான் சொன்னேன், "எறும்பு வருது."

அவள் டப்பாவைப் பார்த்தாள்.

"மூடி சரியில்ல. வேற டப்பாவுல போட்டு இறுக்கி மூடி வை."

"சரி மாமா."

கையைக் கொடுத்தாள். பிடித்து எழுந்தேன். அன்றைக்கும் கொல்லைக்குப் போனேன், ஒரு கை அள்ளித் தூவினேன். மீன் மேலே வந்து வாயைத் திறந்தது. தின்னட்டும்.

தையில் நாயகம் வந்தான். பெட்டியைக் கூட வைக்காமல் நேரே தொட்டிக்குப் போனான். மீன் ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஜெயிச்சுட்டீங்கப்பா. பிளீச்சிங் போட்டுமா சாகல?"

"எல்லாம் அளவுலதான் இருக்கு."

அவள் கீரை பறித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது. சிரித்தாளோ என்னவோ, எனக்குத் தெரியாது.

அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். கோயமுத்தூர்ப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் கிளம்புகிறதற்கு முந்தின நாள் சாப்பிடும்போது சொன்னேன்.

"இவளக் கூட்டிட்டுப் போ. நான் இங்க பாத்துக்கிடுவேன். இல்லன்னா அந்த மலை தெரியுத இடத்துக்கே போறேன்."

நாயகம் அவளைப் பார்த்தான். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"அங்க வந்து? நீங்க விடிய போனா பொழுதடைய வாரீங்க. வெளிய கால் வைக்க முடியாத வெயில். மூனாவது மாடி, பூட்டின பிளாட்டு. நான் எந்தச் சுவரப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்? இங்கன்னா மீனாவது இருக்கு."

"அதுக்காக?"

"நீங்க வாங்க. உங்களுக்குக் கதவு தொறந்துதான் இருக்கு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "உங்கள நம்பி மீன விட்டுட்டுப் போகச் சொல்லுதீங்களா மாமா? நான் ஏர்போர்ட் போறதுக்குள்ள கழுவிருவீங்க."

நான் சாப்பாட்டைப் பார்த்தேன். அவள் இடுப்பில் இருந்த சாவியை எடுத்து மேசையில், ரசச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது இனி வேண்டாம். பூட்டக் கழத்திருங்க. இவங்க எங்கயும் போக மாட்டாங்க."

பூட்டு போய்விட்டது. நீங்களே பார்த்தீங்க, கேட் திறந்துதான் கிடக்கு. நான் தெருவுக்குப் போகலாம், பஸ் ஏறலாம், எங்கே வேண்டுமானாலும் போகலாம். கேட் வரைக்கும் போகிறேன். மோட்டார் சத்தம் கேட்கிறதா என்று காது பின்னாலேயே இருக்கு. திரும்பி வந்துவிடுகிறேன். அவளும் அப்படித்தான். தாய் வீட்டுக்குப் போனால் சாயங்காலம் வந்துவிடுகிறாள். நாயகம் கம்பெனிக் கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்கிறான். பார்ப்போம். அவன் சொல்லுவான்.

இப்போது ஆட்கள் வருகிறார்கள். மாடித் தோட்டக் குழு என்று போனில் ஏதோ இருக்காம், அதில் அவள் பேசிப் பேசிப் போடுகிறாளாம். அதைக் கேட்டுவிட்டு வருகிறார்கள். உங்களை மாதிரி. கேட்டில் நின்று அவள் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். தொட்டி பரமசிவம் வீடா என்று ஒருத்தரும் கேட்பதில்லை. அதனால்தான் உங்களைப் பிடித்து உட்கார வைத்தேன். பிளீச்சிங்கில் ஒரு தப்பும் இல்லை, அதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்க. குடிக்கிற தண்ணிக்கு அதுதான். ஜெபமணியம்மா சொல்கிறதைக் கேட்காதீங்க.

எழுந்து போய்ப் பாருங்க. தொட்டியில் என் எழுத்து இருக்கும். அடுத்துக் கழுவும் நாள் என்று இருக்கும். அதற்கு எதிரே ஒன்றும் இருக்காது. நான்தான் எழுதவில்லை. பெயிண்ட் இருக்கு, பிரஷ் இருக்கு. எழுதவில்லை.

மற்றபடி குஞ்சு எங்கே வாங்கணும், ஜல்லி எவ்வளவு, எப்போது செடி நடணும், இதெல்லாம் என்னிடம் கேட்காதீங்க. எனக்குத் தெரியாது. நீங்க வந்தவுடனே சரியான ஆளைத்தான் கேட்டீங்க. என் காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்துவிட்டேன். அந்தப் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டுப் பழக்கமில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கூட இல்லை. இருங்க, கூப்பிடுகிறேன். சமையல்கட்டில்தான் இருக்கிறாள்.

ஏ பிள்ள.

மிக்சி ஓடுது, கேட்காது.

ஏம்மா, இங்க வா. உன்னத் தேடி ஆள் வந்திருக்கு, சண்முகக்கனி.